தர்சோனோ அழுத்திய ஒன்று

காலையில் போன் அடித்தால் தர்சோனோ முதலில் சட்டைப் பொத்தானைப் போடுவார். வெற்று உடம்போடு ஒரு பெண்பிள்ளையின் குரலைக் கேட்பது அவருக்கு மரியாதையாகப் படாது. அது பதிவு செய்த குரல், அந்தப் பக்கம் ஆளே இல்லை என்று அவர் மனைவி துமினி எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கேட்டால்தானே!

சுகாதார நிலையத்து ஏற்பாடு அது. இதயம் பலவீனமானவர்கள் மாதாமாதம் பட்டணத்துக்கு அலைய வேண்டாம், போனே தினமும் விசாரிக்கும். எடையை அழுத்த வேண்டும். மூச்சு வாங்கவில்லை, கால் வீங்கவில்லை என்றால் ஒன்று. அப்படி ஏதாவது இருந்தால் இரண்டு. இரண்டை அழுத்தினால் நர்ஸ் கூப்பிடுவாள், அவசரம் என்றால் வண்டியும் வரும். இதைவிடச் சுலபமாக ஒன்றைச் செய்துவிட முடியாது.

ஆனால் எங்கள் ஜாவாவில் யார் நலம் விசாரித்தாலும் "உங்க ஆசீர்வாதத்துல நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வோம். கூரை பற்றி எரிந்தாலும் அதுதான் பதில். தர்சோனோவோ வாழ்நாள் முழுக்கக் கல்யாண வீடுகளில் பெண் வீட்டார் சார்பில் சபையில் பேசியவர். அவரிடம் போய் அந்தக் குரல் சுத்தமான மரியாதைப் பாஷையில், 'ஐயா, தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?' என்று கேட்டது. எந்தப் புண்ணியவான் எழுதிக் கொடுத்தானோ தெரியவில்லை.

தினமும் அவர் வாய் நிறையப் பதில் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்தினார். எடைக்குப் போன மாதத்து எடையைப் போட்டார்.

அந்த நேரத்தில் துமினி சந்தையில் கீரையும் வேர்க்கடலைச் சாந்தும் விற்றுக்கொண்டிருப்பாள். அன்று மழை, கடை போடவில்லை. அதனால்தான் கண்ணால் பார்த்தாள். மனுஷனுக்குக் காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார். அவர் ஒன்றை அழுத்துகிறார்!

"என்ன பாக் இது? இத்தனை நாளும் இதைத்தான் அழுத்துனீங்களா?" என்றாள். எங்கள் பக்கம் ஐயாவுக்குப் பாக், அம்மாவுக்கு இபு; புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அந்தப் பொண்ணு எவ்வளவு பணிவா கேக்குது! காலங்காத்தால அதுகிட்டப் போய்க் கால் வீங்கிடுச்சு, மூச்சு முட்டுதுன்னு புலம்பறதா?"

"அது மெஷினு!"

"மெஷினே அவ்வளவு மரியாதையாப் பேசுது. நீயும் இருக்கியே."

துமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி, கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அவங்க கூப்பிடாமப் போய் நின்னா என்ன நினைப்பாங்க? நேத்து வரைக்கும் நல்லா இருக்கேன்னு சொன்னவன்."

சொன்ன பொய்க்குக்கூட மரியாதை! துமினி போனைப் பிடுங்கினாள். அதே எண்ணுக்கு அடித்து, உள்ள எடையைப் போட்டு, இரண்டை அழுத்தினாள். சற்று நேரத்தில் நர்ஸ் ரெத்னோ கூப்பிட்டாள். போனை முந்திக்கொண்டு எடுத்தவர் தர்சோனோ.

"ரெண்டு அழுத்தியிருக்கீங்களே, பாக். மூச்சு வாங்குதா?"

"சேச்சே, ஒண்ணுமில்லம்மா. வீட்டுல கை பட்டுடுச்சு."

மேடையில் பழகிய குரல், கணீரென்று இருந்தது. ரெத்னோ அதை நம்பிவிட்டாள். "அப்ப சரி, தவறிப் பட்டதுன்னு போட்டுக்கறேன்."

துமினி தலையில் அடித்துக்கொண்டாள். "வைக்காதேம்மா!" என்று கத்தியவள் கணவர் பக்கம் திரும்பினாள். "ஊர்ச் சங்கடத்தையெல்லாம் சபையில எடுத்துச் சொன்னீங்களே, இப்ப என் சார்புல பேசுங்க. துமினியோட புருஷனுக்கு முடியலன்னு அதுகிட்டச் சொல்லுங்க."

இது எடுபட்டது. அடுத்தவர் சார்பில் பேசு என்றால் அவருக்கு மறுக்கத் தெரியாது. தொண்டையைச் செருமினார்.

"பெருமதிப்பிற்குரிய செவிலியர் அவர்களே, கூடியிருக்கும் பெரியோர்களே..."

"ஐயோ, விஷயத்துக்கு வாங்க!"

"...அடியேன், துமினி அம்மையாரின் சார்பில், முதற்கண் இறைவனின்..."

'கருணையால்' என்று முடிக்க மூச்சு போதவில்லை. வாய் திறந்தபடியே நின்றது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டார். அந்த இழுப்பு போனில் நன்றாகவே கேட்டிருக்க வேண்டும்.

"பேசாதீங்க பாக்! வண்டி அனுப்பறேன்." ரெத்னோவின் குரல் மாறிவிட்டது. "இபு, அவருக்கு நெஞ்சு வலி இருக்கா? கேட்டுச் சொல்லுங்க, சீக்கிரம்."

துமினி கேட்டாள். அவர் சிரித்த முகமாக, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். உதடு நீலம் பூத்திருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து துமினி அவரை 'நீ' என்று சொன்னதில்லை. எங்கள் பக்கம் எந்தப் பெண்டாட்டியும் சொல்ல மாட்டாள்.

"டேய் தர்சோனோ!" என்றாள். "வலிக்குதா இல்லையாடா உனக்கு? சொல்லித் தொலையேன்டா!"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவளையே பார்த்தார். பிறகு சபைக் குரல் கொஞ்சமும் இல்லாமல், சின்னக் குரலில் சொன்னார்.

"வலிக்குது. படுத்தா செத்துடுவேனோன்னு பயமா இருக்கு, துமினி."

துமினி அதை ஒரு வார்த்தை மாற்றாமல் போனில் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.