ஒன்பதாம் எண் சிறுமி

அந்தப் பொருள் ஒரு அரிசிமணி நீளம்தான் இருக்கும். கறுப்பு நிறம். அடிப்பக்கம் தட்டை, ஒரு முனை சரிவு, மேலே ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழ். குட்டிப் பொம்மைகளை வைத்து வகுப்பறை அமைக்கும் பழைய பள்ளிக்கூட விளையாட்டுப் பெட்டி ஒவ்வொன்றிலும் அது ஒன்று இருக்கும். எதற்கு என்று பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது. அதை வைத்துக்கொண்டு எங்கள் சங்கத்தில் பன்னிரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

சங்கம் என்றால் ஏதோ பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றே பேர். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் ஒருவர், கணக்கு டீச்சர் ஒருவர், பல் செட் செய்து பிழைக்கும் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் கடை மாடியில் கூடுவோம். எங்களைப் போல இந்தப் பெட்டிகளைச் சேர்ப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு கையேடு எழுதியவன் நான். சங்கத்தில் என் பேச்சு கொஞ்சம் எடுபடும் என்பதற்கு அதுதான் காரணம்.

அந்தப் பெட்டிகளைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. உருவங்களை வடித்த ஆளின் பெயரைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் அந்த ஆளைப் போல உலகத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை என்பேன். ஆஸ்பத்திரிப் பெட்டியில் டாக்டரும் நர்ஸும் இருப்பது பெரிய விஷயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி வாய் திறந்து தூங்கும் ஒரு உறவுக்காரரும் இருக்கிறார். தபால் நிலையப் பெட்டியில் கவுன்ட்டரோடு நூலில் கட்டிய பேனா இருக்கிறது. அந்த நூல் மயிரிழை தடிமன்தான். பேருந்து நிலையப் பெட்டியில் வரும் நாயை வேறெங்கும் வைக்க முடியாது, பெஞ்சுக்கு அடியில் மட்டும்தான் அது அடங்கும். குழந்தைகள் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு இடத்தில்கூட அந்த ஆள் ஏமாற்றியதில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கும்.

அதனால்தான் அந்தக் கறுப்புத் துண்டு எங்களைப் பாடாய்ப் படுத்தியது. டீச்சர் அதைக் கரும்பலகை துடைக்கும் டஸ்டர் என்றார். ஓட்டுநர், மணி அடிக்கும் கட்டையின் தலை என்றார். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கச் சொருகும் ஆப்பு என்றேன் நான். மேலே இருக்கும் குமிழ் கைப்பிடி. மற்ற இருவரும் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் கையேடு எழுதுகிறவன் நான்தானே. நாற்பத்தேழாம் பதிவு: கதவு ஆப்பு. அச்சாகிவிட்டது.

அதே பெட்டியில் இன்னொரு தொல்லையும் இருந்தது. மொத்தம் பதினோரு பிள்ளைகள். ஒன்பதாம் எண் சிறுமி, ரெட்டைச் சடை, தோளில் பை, நிற்க மாட்டாள். எத்தனை தடவை நிறுத்தினாலும் இடப்பக்கமாகச் சாய்ந்து விழுவாள். இடது கால் இரண்டு மில்லிமீட்டர் குட்டை. இடது ஷூவின் அடியில் ஒரு சிறு துளை வேறு. வார்க்கும்போது காற்றுக் குமிழி விழுந்திருக்கிறது, அச்சில் குறை என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ‘குறை நீக்கும் முறை’ என்று ஒரு பக்கமே எழுதினேன். வலது ஷூவின் அடியை மெல்லிய உப்புத்தாளில் இரண்டு மில்லிமீட்டர் தேய்த்துவிட்டுக் கறுப்பு வண்ணம் பூச வேண்டும். நான் பல் செட் செய்கிறவன். கடிக்கும்போது ஒரு பல் உயர்ந்தால் தேய்த்துச் சமமாக்குவதுதான் என் அன்றாட வேலை. என்னுடைய சிறுமியைத் தேய்த்து, கண்ணாடி அலமாரியில் நேராக நிறுத்தி, போட்டோவும் போட்டேன். நன்றி சொல்லிக் கடிதங்கள் வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த வருடம் இரண்டு காரியங்கள் சேர்ந்து வந்தன. கையேட்டின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகத் தயாரானது. ஓட்டுநருக்கு ஒரு பள்ளிக்கூடப் பெட்டி கிடைத்தது, உறை பிரிக்காதது. எங்களுக்குத் தெரிந்தவரை கைபடாத பெட்டி உலகத்தில் அது ஒன்றுதான். நூலகத்தில் சனிக்கிழமை தொடங்கும் கண்காட்சியில் அதைப் பிரித்து வைப்பதென்று முடிவானது.

"சிறுமிய மட்டும் நீங்க பாத்துக்கோங்க டாக்டரே. நம்ம கை நடுங்கும்" என்றார் ஓட்டுநர். பல் செய்கிறவனை டாக்டர் என்று கூப்பிடுவது அவருடைய கிண்டல். நான் புது உப்புத்தாள் வாங்கி, வேண்டிய அளவுக்கு வெட்டி வைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் என் தங்கை வந்தாள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. முதல் பதிப்பு வந்த சமயம் அவள் வேறு ஊரில் இருந்தாள். என் பொம்மைகளை அலமாரிக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாளே ஒழிய ஒன்றையும் தொட்டதில்லை. ‘உன் பைத்தியத்துக்கு நான் ஆள் இல்ல’ என்பாள். இந்தத் தடவை நான் கெஞ்சியதால் ஒத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பிச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

நாற்பத்தேழாம் பதிவு வரும்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. எனக்கு ஒரு ஒற்று தப்பியிருந்தால்கூட உச்சுக்கொட்டுகிறவள், அந்தப் பக்கத்தில் பேனாவை மூடிவிட்டாள். துண்டின் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் போட்டிருந்தேன். அதைப் பார்த்தாள். அடுத்த பக்கம் புரட்டி, குறை நீக்கும் முறையை முழுக்கப் படித்தாள். பிறகு குனிந்து இடது காலிலிருந்து செருப்பைக் கழற்றி மேஜை மீது வைத்தாள்.

"சாப்பிடுற மேஜைல செருப்ப வைக்கிறியே, அறிவிருக்கா" என்றேன்.

"உனக்கு இருக்கான்னு பாப்போம். பக்கவாட்டுல பாரு."

என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே இடது கால் குட்டை. அந்தச் செருப்புக்கு அடியில் இரண்டு விரல் தடிமனுக்குக் கறுப்பு ரப்பர் கட்டை ஒட்டியிருக்கும். அடி தட்டை, விரல் பக்கம் சரிவு. பிறந்த வீட்டு வாசலில், இந்த வீட்டு வாசலில், கல்யாண மண்டப வாசல்களில் நாற்பது வருடத்துக்கு மேல் அந்தக் கட்டையைப் பார்த்து வருகிறேன். தூசி தட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். படத்துக்குப் பக்கத்தில் செருப்பு இருந்தது. இரண்டும் ஒன்று.

"குமிழ் அந்த ஓட்டைக்குள்ள போகும். போட்டுப் பாத்தியா?"

போட்டுப் பார்க்கவில்லை. யாருமே போட்டுப் பார்த்ததில்லை. சேகரிப்பவர்களின் முதல் விதியே அதுதான்: ஒரு பாகத்தை இன்னொன்றில் அழுத்திப் பொருத்தக் கூடாது, கீறல் விழும், மதிப்பு போய்விடும். இடுக்கியால் எடுத்து, இடுக்கியால் வைப்போம். ஒரு குழந்தை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கும். நாங்கள் விளையாடவே இல்லை.

"சரி, அது போகட்டும். தெரியல, ஆப்புன்னு எழுதிட்ட. ஆனா அந்த நல்ல கால ஏன் தேச்ச?"

"சமமா நிக்கட்டும்னுதான்" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "எனக்குப் பதினோரு வயசுல ஒரு டாக்டர் சொன்னார், ஞாபகம் இருக்கா? நல்ல காலக் கொஞ்சம் குறைச்சிட்டா ரெண்டும் சமமாயிடும்னு. அப்பா சரின்னுட்டார். அம்மாவும் பாதி சரின்னுட்டாங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல அப்பா சட்டையப் பிடிச்சுக்கிட்டு, நல்லா இருக்கற கால்ல ஏன் கை வைக்கறீங்கன்னு ஒருத்தன் அழுதான். அவன் அழுத அழுகையிலதான் நாம திரும்பி வந்தோம்."

ஞாபகம் இருந்தது. எனக்கு அப்போது பதினாலு வயது. அப்பா சட்டையில் ஒரு பொத்தான் பிய்ந்து என் கையோடு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சைக்கிள் கடை மாடியில் உறையைப் பிரித்தோம். தங்கையும் வந்திருந்தாள். நடந்ததை நானே மற்ற இருவருக்கும் சொன்னேன். டீச்சர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பொருத்தும்போது ஒடைஞ்சிட்டா வேற இல்ல சார்" என்றார். அது உண்மை. ஓட்டுநரைப் பார்த்தேன். பெட்டி அவருடையது. அவர் கையுறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "பொம்மதான அது. போடுங்க" என்றார்.

தங்கைதான் போட்டாள். குமிழைத் துளையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். சிறுமியை மேஜையில் வைத்துக் கையை எடுத்தாள். சிறுமி நின்றாள். மேஜையைத் தட்டினோம், நின்றாள். ஜன்னல் காற்றுக்கும் நின்றாள். முன்பு சாய்வாகத் தெரிந்த தோள் இப்போது பையின் பாரத்தால் சற்றே இறங்கிய தோள் ஆகியிருந்தது. முகம் மட்டும் கரும்பலகையை நேராகப் பார்த்தது. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த உருவங்களை வடித்த ஆளை அன்றைக்குத்தான் நான் முழுதாகப் பார்த்தேன். பதினோரு பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இவளும் ஒருத்தி என்று சேர்த்திருக்கிறார். பெட்டியின் மூடியில் அதைப் பற்றி ஒரு வரி பெருமை இல்லை. ஷூவின் அடிக்கட்டையைத் தனியாகக் கொடுத்து, மாட்டிவிடும் வேலையைக் குழந்தையின் கையில் விட்டிருக்கிறார். இதற்கென்று தனி அச்சு வெட்ட வேண்டும், முதலாளியிடம் மல்லுக்கட்ட வேண்டும், குட்டைக் காலைக் கண்டு பிழை என்று ஒதுக்கும் தொழிலாளர்களிடம் விளக்க வேண்டும். அத்தனையும் செய்திருக்கிறார். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பெயர் தெரியாததால் சும்மா இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து என் சிறுமியை எடுத்தேன். துண்டைப் பொருத்தினேன். கச்சிதமாகப் போனது. நிறுத்தினேன். வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள்.

அச்சகத்துக்குப் போன் செய்து வேலையை நிறுத்தினேன். குறை நீக்கும் முறை இருந்த பக்கத்தில் இப்போது வேறு விஷயம் இருக்கிறது: தவறு என்னுடையது, உங்கள் சிறுமியை எனக்கு அனுப்புங்கள், காலை வளர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். முதல் பதிப்பு வாங்கியவர்களில் முகவரி தெரிந்த எல்லோருக்கும் அதையே கடிதமாகவும் போட்டேன். பல் செட்டுக்குக் கலக்கும் அதே பொடி, அதே திரவம். ஒரு சொட்டு வைத்து, இறுகவிட்டு, இரண்டு மில்லிமீட்டருக்குச் செதுக்கிக் கறுப்பு பூசுகிறேன். வேலை முடிந்ததும் தங்கை வந்து ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கிறாள். மயிரிழை சாய்ந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

தீப்பெட்டியிலும் பஞ்சு சுற்றிய மாத்திரை டப்பாவிலும் சிறுமிகள் வந்துகொண்டிருக்கிறார்கள். இதுவரை முப்பத்தெட்டுப் பேர். முதல் பதிப்பு விற்றது நூற்றுப்பத்துப் பிரதி. மற்றவர்கள் எங்கெங்கோ கண்ணாடி அலமாரிகளுக்குள், நான் சொல்லிக்கொடுத்தபடியே, நேராக நின்றுகொண்டிருக்கிறார்கள்.