கொழும்பு நாய்

கொழும்பிலிருந்து வருகிறவள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று தென்காசியில் எல்லாருக்கும் தெரியும். சோப்பு, குடை, டார்ச் லைட், நைலான் சேலை. ஐம்பத்தெட்டில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் ரயிலை விட்டு இறங்கியபோது எங்களிடம் ஒரு தகரப்பெட்டியும் ஒரு நாயும்தான் இருந்தன. கார்டு பெட்டியிலிருந்து நாயை, எங்கள் சூட்டியை, இறக்கிவிட்டார்கள். கூட்டிப்போக வந்திருந்த பெரிய அத்தான், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் சிவனணைந்தபெருமாள், நாயையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே, சீமை நாயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டார். தெருநாய் என்றால் அண்ணன் வீட்டுக்குள் விடமாட்டார் என்று பயம்.

சூட்டி கொழும்பில் எங்கள் கடைக்குப் பின்னால் மீன் சந்தையில் பொறுக்கித் தின்ற நாய். காதில் ஒரு துண்டைக் காணோம். அதெல்லாம் யார் கண்ணிலும் படவில்லை. கொழும்பிலிருந்து வந்தது எதுவானாலும் எங்கள் ஊருக்கு உசத்திதான். போதாததற்கு, நான் சிங்களத்தில் உட்காரச் சொன்னால் அது உட்காரும். "இங்கிலீஷ்ல சொல்லுதா, நாயி கேக்குது" என்று பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் தெரு முழுக்கப் பரப்பிவிட்டாள். சூட்டிக்குப் பசும்பால் வந்தது. எனக்கு வழக்கம்போல் கருப்பட்டிக் காப்பிதான்.

என் வீட்டுக்காரர் பிழைப்புக்கு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் கைலாசம் பிள்ளைக்குச் சொந்தமான கடை ஒன்று காலியாக இருந்தது. "சாரல் சீசனுக்குத் தம்பிக்குக் கொடுக்கேன்னு சொல்லிட்டாரு. நாயையும் கூட்டிட்டு வாங்க, அவரு பாக்கணுமாம்" என்றார் பெரிய அத்தான்.

பெரிய அத்தானோடு போனோம். பிள்ளை சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். சூட்டியின் முதுகைத் தடவினார்.

"நல்ல சாதி நாய். புளியறைத் தோட்டத்துக் காவலுக்கு இப்படித்தான் ஒண்ணு தேடினேன். ஜீப்புல ஏத்துங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. எங்களைக் கேட்காமலே பெரிய அத்தான் நாயைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இது சீமை நாயில்ல ஐயா. கொழும்புத் தெருநாய்" என்றேன்.

பெரிய அத்தான் என்னைப் பார்க்காமல் தம்பியிடம், "ஏலே, உன் பொண்டாட்டியச் சும்மா இருக்கச் சொல்லு" என்றார்.

பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான். "தெருநாயையாம்மா கப்பல்ல ஏத்திக் கொண்டாந்திய?"

"கடை எரிஞ்ச அன்னைக்குப் பழகினவங்க எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்க. ரயிலேற நாங்க நடந்தப்போ கூடவே வந்தது இது ஒண்ணுதான். இதை விட்டுட்டு எப்படிய்யா வாறது?"

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். எங்கள் கடை கண்முன்னே எரிந்தபோதுகூட ஒரு வார்த்தை பேசாத மனிதர். சாவியைத் திரும்பப் பிள்ளையின் கையிலேயே வைத்தார்.

"இவ சொல்லுதது நிசம். நான்தான் ஸ்டேஷன்ல பொய் சொன்னேன். கடை வேண்டாம்யா. நாயைத் தரமாட்டோம்."

"அப்போ அந்த நாயோட என் வீட்டு வாசலை மிதிக்காதே" என்றார் பெரிய அத்தான்.

"சரிண்ணே" என்றார் இவர். என்னைப் பார்த்து, "வா புஷ்பம், நாயைப் பிடி. இருட்டுததுக்குள்ள ஒரு வீடு பாக்கணும்" என்றார்.

சாரலில் நனைந்துகொண்டே மேலகரம் வரை நடந்தோம். கையில் கடையில்லை, தலைக்கு மேல் கூரையில்லை. ஆனாலும் முன்பெல்லாம் கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு கொழும்பிலிருந்து வந்த காலத்தில்கூட, இந்த மனிதருக்குப் பக்கத்தில் நான் இவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.