பார்த்தேன் என்று சொன்ன நாய்

"சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்கோ," என்றார் தாதி இமெல்டா.

பிரதீஸ் தூக்கினான். சுடலையிலிருந்து நேரே வந்திருந்தான். பக்கத்து வாங்கில் மாமி, அவன் மனைவி நிரோஷினியின் அம்மா, இருந்தார். மகளுக்குக் கடைசியாகச் சோறு ஊட்டியவர் அவர். தண்ணீர் பருக்கியவன் பிரதீஸ். தொண்டை இறுகி அவள் எல்லாவற்றையும் அவன் கையில் துப்பினாள். "என்ன சின்னப்பிள்ளை மாதிரி?" என்று மனைவியை அதட்டினான். மறுநாள்தான் டொக்டர் விசர்நாய்க்கடி என்றார். அவளுடைய எச்சில் பட்டவர்கள் எல்லாரும் ஊசி போட வேண்டும்.

"அவள் சாகக் காரணம் எந்த நாய்?" இமெல்டா கேட்டார். "வேற ஆக்களையும் கடிச்சிருக்கும். நாங்க தேடோணும்."

"அதுதான் தெரியேல்ல, மிஸ்," என்றார் மாமி. "எங்கட பக்கத்துக் கராஜ் நாயின்ர பல்லு அவளின்ர காலில பட்டதுதான். அதை இந்தத் தம்பி ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தவர், அது நல்லாத்தான் இருந்தது. இது வேற நாய். கடிச்சதை மறைச்சிருக்கிறாள், ஊசிக்குப் பயந்து. பள்ளிக்கூடத்தில ஊசி போட வந்தா கக்கூசுக்க ஒளிக்கிறவள். டீச்சர்தான் இழுத்துக்கொண்டு வாறது." சிரிக்கப் போனவர்போல வாய் கோணியது. "கள்ளி. புருசனிட்டயும் சொல்லேல்ல."

செத்த வீட்டிலும் இதையேதான் கதைத்தார்கள். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

கராஜ் நாய் வெறும் கீறல்தான் போட்டிருந்தது. இரத்தம் வரவில்லை. "ரெண்டு கிழமைக்கு நாயைப் பாருங்கோ. சோர்ந்தாலோ, காணாமப் போனாலோ உடனே வாங்கோ, ஊசியைத் தொடங்குவம்," என்று அன்று பார்த்த டொக்டர் சொல்லி அனுப்பினார். நிரோஷினி கராஜ் இருந்த ஒழுங்கைப் பக்கம் போகப் பயந்தாள். பார்ப்பது அவன் வேலையானது. முதல் சில நாள் வேலைக்குப் போகும் வழியில் பார்த்தான். பிறகு அந்த ஒழுங்கையை விட்டுக் கடற்கரைப் பக்கமாக ஸ்டேஷனுக்கு நடந்தான். வெள்ளவத்தையில் அதுதான் அவனுக்குக் கிட்ட.

பின்னேரங்களில் அவள் கேட்பாள். "கண்டனீங்களா?"

"ஓம். வாலை ஆட்டிக்கொண்டு நிக்குது. உன்னைத்தான் விசாரிச்சது."

"போங்கப்பா," என்று அவள் சிரிப்பாள்.

இப்போது அவன் கையில் ஊசி ஏறியது. வலித்ததா என்று தெரியவில்லை.

"அப்ப வேற நாயெண்டே எழுதவா?" என்றார் இமெல்டா.

மாமி தலையசைத்தார்.

"இல்லை, மிஸ்," என்றான் பிரதீஸ். "கராஜ் நாயாத்தான் இருக்கும். முதல் கொஞ்ச நாளுக்குப் பிறகு நான் போய்ப் பார்க்கேல்ல. அவளிட்டப் பார்த்தனான் எண்டு சொன்னனான்."

இமெல்டா எழுதிக்கொண்டார். மாமி அவனைப் பார்க்கவில்லை.

"அடுத்தது அம்மா," என்றார் இமெல்டா.

மாமி எழுந்துபோய்க் கதிரையில் இருந்தார். ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்தியபோது மடியிலிருந்த கைப்பை சரிந்தது. பிரதீஸ் பிடிக்கக் கை நீட்டினான். அவர் முழங்கையால் அதை இடுப்போடு இடுக்கிக்கொண்டார். பஞ்சை அழுத்தியபடி சுவரைப் பார்த்திருந்தார்.