எட்டடி ஆழம்

எங்கள் வீட்டுக்காரர் பெரியதம்பி ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறார். மற்றவர்கள் செய்த சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கரும் சரியில்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டுவதுதான் வேலை. வீட்டில் நான் வைக்கும் குழம்புக்கும் இந்த மரியாதை உண்டு. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்து பதினோரு வருஷம் வாடகை வீடுகளில் இருந்தோம். கடைசி வீட்டில் குழாய், வீட்டுக்கார அம்மாவின் வாசலில் இருந்தது. நாளுக்கு ஆறு குடம். ஏழாவது குடத்தைக் கொண்டுபோனால் குழாயை இறுக மூடிவிட்டு, நல்லாயிருக்கிறாயா என்று விசாரிப்பார். அதனால் பாகலூர் சாலைப் பக்கம் சொந்தமாக வீடு கட்டியபோது தரைக் கல் என்ன நிறம், கதவு என்ன மரம் என்று எதிலும் நான் தலையிடவில்லை. வீட்டுக்குள் ஒரு குழாய், அதில் நகராட்சித் தண்ணீர். நான் கேட்டது அது ஒன்றுதான்.

அது 2003. மழை ஏமாற்றிய வருஷம். எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு இருக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டிருந்தது. நகராட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, வெட்டிய குழிக்குள் போக வேண்டும். இல்லையென்றால் புது இணைப்பு கிடையாது. எங்களுக்கோ ஆவணியில் கிரகப்பிரவேசம். பத்திரிகை கொடுத்தாயிற்று, ஊரிலிருந்து நாற்பது பேர் கிளம்பி வருகிறார்கள்.

குழி வெட்டுங்கள் என்று ஒரு வாரம் அவர் காதில் ஓதினேன். மூன்றடிக்குக் கீழே மொரம்பு, கடப்பாரையே வளையும் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"இதுவும் ஒரு ஆடிட்தான் தங்கமணி. ஆடிட்ல யாரும் மூடியத் தொறக்க மாட்டாங்க. போர்டத்தான் பாப்பாங்க."

மாடியிலிருந்து பைப்பை இறக்கி நீலப் பெயின்ட் அடித்தார். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு வெள்ளை அம்புக்குறிகள் போட்டார். தண்ணீருக்கே வழி தெரியாதது போல. கீழே ஒரு சிமென்ட் உறையை முக்கால் அடி புதைத்து, மூடி போட்டு, கம்பெனியில் மெஷினைச் சுற்றிப் போடுவது போல மஞ்சள் கோடு போட்டார். சுவரில் லேமினேட் செய்த வரைபடம். அதன் மேல் கொட்டை எழுத்தில் 'ஆழம்: எட்டடி'. உறைக்குள் ஒரு குழியும் இல்லை.

நகராட்சியிலிருந்து மேற்பார்வையாளர் சென்னகிருஷ்ணன் வந்தார். போர்டைப் பார்த்து அசந்துபோனார். ஓசூரிலேயே இப்படி ஒரு போர்டு பார்த்ததில்லை என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை தாங்கவில்லை. சென்னகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார், கொஞ்சம் யோசித்தார்.

"நல்லாத்தான் இருக்குது சார். மேலேர்ந்து ஒரு கொடம் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, பாக்கலாம்."

ஊற்ற வேண்டியவள் நான். குடத்தோடு படியேறும்போது வீட்டுக்காரர், அரைக் குடம் போதும், மெதுவாக ஊற்று என்று காதோடு சொன்னார். மேலே போய் நின்றேன். என் குழாய் அந்தப் பேனா முனையில் இருந்தது. கொஞ்சமாக ஊற்றினால் ஒருவேளை தப்பிக்கலாம். ஆனால் ஒரு வாரம் தொண்டை வற்றக் கத்தியும் காதில் வாங்காத மனுஷன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். முழுக் குடத்தையும் ஒரே மூச்சில் கவிழ்த்தேன்.

உறையின் அடியிலிருந்து செக்கச்செவேலென்று தண்ணீர் பொங்கி, மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தது.

"எட்டடின்னு எழுதி வச்சிருக்கீங்க," என்றார் சென்னகிருஷ்ணன், காலைத் தூக்கிக்கொண்டே. "தண்ணி என் செருப்பு வரைக்குமில்ல வந்திட்டுது."

நல்லவேளை, சிரித்துவிட்டார். நான்கு நாள் தருகிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்று சொல்லிப் போனார். ஐந்தாம் நாள் கிரகப்பிரவேசம். நான் இறங்கி வருவதற்குள் வீட்டுக்காரர் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். போய் லீவ் சொல்லிவிட்டு வந்தார். என் பிரசவத்துக்குக்கூட அரை நாள்தான் லீவ் போட்டவர்.

அவரோடு வேலை செய்யும் ராமப்பன், கெலவரப்பள்ளியில் நிலம் வைத்திருக்கிற குடும்பம், முதல் ஷிஃப்ட் முடிந்து கடப்பாரையோடு வந்தார். இருவரும் மாறி மாறி வெட்டினார்கள். மொரம்பு வந்ததும் ராமப்பன் தெலுங்கில் திட்டினார், அது உடையாததால் கன்னடத்திலும் திட்டினார். ஆறடி போதும் அண்ணா, தண்ணி இறங்கும் என்றார். வீட்டுக்காரர் போர்டைக் காட்டினார். எட்டு என்று எழுதியிருக்கிறதாம். போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதலாமே என்றேன். முறைத்துவிட்டுத் திரும்பவும் குழிக்குள் இறங்கினார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ராத்திரி சோற்றைப் பிசைந்து நானே ஊட்டினேன். குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜல்லி, கூழாங்கல், மணல் என்று அடுக்கடுக்காகப் போட்டு முடித்தது நான்காம் நாள் மத்தியானம். சென்னகிருஷ்ணன் அவசரமாக வந்தார். இன்னும் முப்பது வீடு பாக்கியாம். வண்டியை விட்டு இறங்காமலே சீட்டின் மேல் தாளை வைத்தார். சாமி, இந்த ஒரு கையெழுத்து என்று நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், வண்டிய ஆஃப் பண்ணுங்க," என்றார் வீட்டுக்காரர். "தண்ணி ஊத்திப் பாக்காம நீங்க கையெழுத்துப் போடக் கூடாது."

கண்ணால் கெஞ்சினேன். அவர் பார்க்கவேயில்லை. குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். நான் மூடியைத் திறந்துவிட்டுக் குனிந்து நின்றேன், சென்னகிருஷ்ணன் வண்டியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். தண்ணீர் வந்து மணல் மேல் விழுந்தது. விழுந்தது அப்படியே தேங்கி நின்றது. பிறகு குமிழி விட்டு, மளமளவென்று உள்ளே இறங்கி, ஈர மணல் மட்டும் மிஞ்சியது. சென்னகிருஷ்ணன் வண்டியை நிறுத்தி இறங்கி, நின்று நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மாடியிலிருந்து எட்டிப் பார்த்த அந்த முகத்தை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல்யாணத்தன்றுகூட இவ்வளவு பிடித்திருந்ததா என்று சொல்ல முடியாது.

அன்று சாயங்காலமே இணைப்புக் கொடுத்தார்கள். மறுநாள் காலை பால் பொங்குகிற நேரத்தில் வீட்டுக்காரரைக் காணோம். தேடிப்போனால், என் அப்பாவையும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரையும் குழியைச் சுற்றி நிற்கவைத்து, குடம் குடமாக ஊற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார். அத்தனையும் என் புதுக் குழாயில் பிடித்த தண்ணீர்.

விறுவிறுவென்று போய்க் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கினேன்.

"அந்தக் கடைசித் தடவ நான் சரியாப் பாக்கலம்மா," என்றார் அப்பா.

நானே ஊற்றினேன்.