தீட்டுக் காத்த கைகள்

தேனி ஜின்னிங் பேக்டரியில் ரோலருக்குள் சிக்கி அம்மாவாசியின் வலது கை மணிக்கட்டோடு துண்டானது ஒரு மாசி மாதச் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் சங்கு ஊதியதும் கை வேலைக்கு வந்துவிட்டது. அம்மாவாசி வரவில்லை, காய்ச்சலில் கிடந்தான். கை மட்டும் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, தன் இடத்தில் நின்று, பருத்தியை அள்ளி ரோலருக்குக் கொடுக்கத் தொடங்கியது. முதல் நாள் பெண்கள் அதற்குச் சூடம் காட்டினார்கள். பிறகு அதன்மேல் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டார்கள். அப்புறம் அதுவும் இல்லை, பழகிவிட்டது. "மொதலாளி கேட்ட ஆளு இதுதான். வாயுமில்ல, வகுறுமில்ல" என்றான் பக்கத்து ரோலர் முத்துக்கருப்பன்.

கைக்குத்தான் வயிறில்லை. அம்மாவாசிக்கு இருந்தது, அவன் மனைவி இருளம்மாளுக்கும் பிள்ளைகளுக்கும் இருந்தது. வேலையில் உறுப்பை இழந்தவனுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு புறப்பட்ட ரயில்கூடத் தேனிக்கு வந்துவிட்டது, சட்டம் வந்துசேரவில்லை. இருளம்மாள் மேனேஜர் ஞானதுரையிடம் போனாள். அவர் கெட்டவர் அல்ல, சம்பளத்துக்குப் பேசுகிறவர்.

"கை போனாத்தானம்மா நஷ்டஈடு? அது ஒரு நாள் தவறாம வேலைக்கு வந்துக்கிட்டுல்ல இருக்கு."

"அப்ப கைக்குக் கூலியக் குடுங்கய்யா."

"கூலி ஆளுக்குத்தான். கை எப்பிடி ஆளாகும்?"

மதுரையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கை வேலைசெய்வதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். இழந்த விரலுக்கும் இழந்த கண்ணுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, தானாக வேலைக்கு வரும் கைக்கு இல்லை என்று சொல்லி, முதலாளி செலவில் விருந்து சாப்பிட்டுவிட்டு ரயிலேறினார். இரண்டு பருத்தி வெள்ளாமை கடந்தது. இருளம்மாள் மலைக்கு ஏறி ஏலத்தோட்டத்தில் களையெடுத்தாள். அதுவும் போதாமல், ஒன்பது வயது மகள் அன்னத்தாயைக் கூடலூரில் ஒரு பண்ணை வீட்டில் சாணி அள்ள விட்டாள். முன்பணம் வாங்கியாயிற்று, அதைத் திருப்பாமல் பிள்ளையைக் கூட்டிவர முடியாது. மகளைப் பார்க்கப் போய்த் திரும்பிய ஒரு நாள், அவள் உள்ளங்கைக் கொப்புளங்கள் கண்ணிலேயே நிற்க, இருளம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். கை உயிரோடிருப்பதுதானே அவர்களுக்கு வசதி?

மறுநாள் வாசலில் பச்சைப் பந்தல் போட்டாள். கை செத்துவிட்டதென்று பழனிசெட்டிபட்டிச் சொந்தங்களுக்குக் கேதம் சொல்லி ஆள் அனுப்பினாள். கேதத்தில் ஒருவரை விட்டுவிட்டால் ஏழு தலைமுறைக்குப் பகை. ஆகவே முத்துக்கருப்பன் ரோலரின் அருகே போய், அந்தக் கைக்கும் முறைப்படி சொன்னான்: "அம்மாவாசி கை தவறிருச்சு. சாயங்காலம் எடுக்குறாக." பாதி அள்ளிய பருத்தியைக் கை கீழே போட்டது. பஞ்சு ஒட்டியபடியே கடைத்தெரு வழியாக வீட்டுக்கு வந்து, தனக்காகக் கட்டியிருந்த சின்னப் பாடையில் தானே ஏறி மல்லாந்து படுத்தது. அம்மாவாசி மொட்டையடித்துக்கொண்டு தன் கைக்குத் தானே இடக்கையால் மண் தள்ளினான். பேக்டரியே பின்னால் நடந்து வந்தது.

மண் காய்வதற்குள் இருளம்மாள் ஞானதுரையின் முன்னால் நின்றாள். மதுரையில் இருந்த முதலாளி சொல்லியனுப்பியதை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேலையிடத்தில் செத்தால்தான் நஷ்டஈடு; கை வீட்டில் வந்து செத்திருக்கிறது.

"ரோலர்ல சிக்குனப்ப சாகலன்னீக. இப்ப செத்த எடஞ் சரியில்லன்றீக. நாங்க எங்கன போயிச் சாகணும்னு ஒரு எடத்தக் காட்டுங்க, வரிசையா வந்து படுத்துக்கிறோம்."



அடுத்த நாள் சங்கு ஊதியபோது எல்லோரும் வேலைக்கு வந்தார்கள், வலது கைகள் வரவில்லை. ரத்தமில்லை, வலியுமில்லை. கைகள் அவரவர் வீட்டில் சுவரோரம் தீட்டுக் காத்து உட்கார்ந்திருந்தன. செத்தது பங்காளி என்பதால் பதினாறு நாளும் அடுப்பைத் தொடக்கூடாது, ரோலரைத் தொடக்கூடாது. ஆட்கள் இடக்கையால் மீசையைத் தடவிக்கொண்டு ரோலர்களின் முன் நின்றார்கள். ஞானதுரை சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், தீட்டுப் பார்க்காதவர். அவருடைய கை பார்த்தது. அதுவும் கூலிக் கைதான் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. முதலாளியின் கை மட்டும் மதுரையில் வழக்கம்போல வாழையிலையில் நெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டது.

அரைக்காத பருத்தி முற்றத்தில் மலையாகி, மழையில் நனைந்து நாறத் தொடங்கியபின் மதுரையிலிருந்து தந்தி வந்தது. கருமாதியன்று ஞானதுரை பணத்தோடு பந்தலுக்கு வந்தார். அவர் இடக்கையால் நீட்டினார், அம்மாவாசி இடக்கையால் வாங்கினான். இடக்கையால் கொடுத்ததை யாரும் குறையாகப் பேசவில்லை. அந்தப் பந்தலில் யாருக்கும் வேறு கை இல்லை. இருளம்மாள் இடக்கையாலும் பல்லாலும் முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு கூடலூருக்குப் பஸ் ஏறினாள்.