வயல் வரம்பில் சிலுவைப்பாதை

அன்று ஸ்கந்தபுரம் கோயிலில் பாதர், பாட்டுக்காரப் பெண்கள், கோயில் கதவைத் திறந்து பூட்டும் திறப்புக்காரர் சவிரிமுத்து, கதிரையை விட்டு எழாத அவர் மனைவி பிலோமினா ஆகியோர் இருந்தார்கள். பிலோமினாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. போர்க்காலத் தடையால் மருந்து வருவதில்லை. நடக்காவிட்டால் காலையே வெட்டி எடுக்கவேண்டிவரும் என்று தாதி எச்சரித்திருந்தாள்.

குரக்கன் கூழும் நடையும்தான் மருந்தென்ற பாதர், கோயில் சுவரிலிருந்த சிலுவைப்பாதைப் படங்களைக் கழற்றி, தடிகளில் கட்டி வயல் வரம்பு நெடுக நட்டுவிட்டார்.

"செபிக்கிறதெண்டால் நடவுங்கோ."

"யேசுவே மூன்றுதரம் விழுந்தவர், பாதர். நான் முதல் படத்திலேயே விழுந்திடுவன்," என்றாள் பிலோமினா.

"விழுந்தால் நான் தூக்குவன், எழும்பு," என்றார் சவிரிமுத்து.

"முதல்ல உங்களைத் தூக்க ஆள் பாருங்கோ!"

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். இடம்பெயர்ந்து வந்தபோது நாலுபேர் டிராக்டரிலிருந்து இறக்கிய மனுசி, தன் காலால் வாசலைத் தாண்டினாள். லாசர் கல்லறையிலிருந்து எழுந்த கதையை வருடாவருடம் கேட்டவர் சவிரிமுத்து. கண்ணால் கண்டது இன்றைக்குத்தான். மனம் மாறித் திரும்பிவிடுவாளோ என்று, அவளுக்குப் பின்னால் தானும் வெளியே வந்து, பாதரும் பாட்டுக்காரப் பெண்களும் உள்ளே நிற்பதையும் மறந்து கதவைச் சாத்திப் பூட்டினார்.