மாப்பிள்ளை பகுதியில் ஒரு தெய்வம்

மகள் கட்டப்போற பொடியன் வெள்ளைக்காரன் எண்டதிலதான் மில்லிக்கனில இருக்கிற இராஜரட்ணத்துக்கு மனவருத்தம் எண்டு நினைக்காதேங்கோ. அப்பிடி வாய் திறந்து சொன்னால் தொண்ணூற்றாறாம் ஆண்டில, கனடாவில, ஆர் மதிக்கப்போகினம்? அதால மனுசன் வேற கதை எடுத்தார்.

"பொடியன் நல்லவனாய் இருக்கட்டும். பகுதி, பரம்பரை விசாரிக்காமல் நான் பிள்ளையைக் குடுக்கேலாது."

மனுசி பேபிக்குப் பத்திக்கொண்டு வந்தது. மகள் ரதிக்கு முப்பத்தொரு வயசு. வந்த சம்பந்தம் எல்லாத்தையும் இந்த மனுசன் விசாரிச்சு விசாரிச்சே துலைச்சுப்போட்டார். இந்த முறை ரதி தகப்பன்ர முகத்துக்கு நேர சொல்லிப்போட்டாள்.

"அப்பா, இதையும் குழப்பினால் நாங்கள் சிற்றி ஹோலில கலியாணத்தை எழுதிப்போட்டு வான்கூவர் போயிடுவம். பிறகு நான் உந்த வாசல்படி மிதிக்கமாட்டன்."

சொன்னால் செய்வாள். இருக்கிறது ஒரே பிள்ளை. பேபிக்கு அண்டையில இருந்து சோறு தொண்டையால இறங்கேல்லை.

பொடியனுக்குப் பேர் லார்ஸ். மிசிசாகாவில பிளேன் திருத்திற வேலை. அவன்ர அப்பப்பா நோர்வேயில இருந்து வந்தவர். "அப்பா உங்கட பகுதி கேக்கிறார்" எண்டு ரதி சொல்ல, அந்தப் பாவி அதைப் பகிடியாய் எடுக்கேல்லை. அடுத்த சனிக்கிழமை காலமை பெரிய கடதாசிச் சுருள் ஒண்டோட வந்து நிண்டான். விரிச்சால், சோபாவில தொடங்கி குசினி வாசல்மட்டும் போகுது! இராஜரட்ணம் எதிர்பார்த்தது மூண்டு தலைமுறை. உதில நாப்பதுக்கு மேல கிடந்தது. ஆகக் கீழ லார்ஸ். நடுவில நோர்வே ராசாக்கள், அவைக்கு மேல சுவீடன் ராசாக்கள். உச்சியில இங்வி எண்டு ஒரு பேர்.

"உவர் ஆர்?" எண்டார் இராஜரட்ணம்.

லார்ஸ் சொல்லச் சொல்ல ரதி தமிழில சொன்னாள். "தெய்வம், அப்பா. மழை, வெயில், விளைச்சல் எல்லாம் அவற்ற கையிலதானாம். அந்தக் காலத்தில அங்கத்தை ராசாக்கள் தங்கட வம்சத்தை ஒரு தெய்வத்தில இருந்துதான் தொடங்குவினமாம்."

இராஜரட்ணத்துக்கு வாய் மூடேல்லை. பின்னேரத்துக்குள்ள மார்க்கத்தில இருக்கிற சொந்தக்காரர்மட்டும் ரெலிபோன் பறந்தது. "சம்பந்தி பகுதி சும்மா ஆக்கள் இல்லை. நேர தெய்வத்தில இருந்து இறங்கினவை!" பேபி அண்டைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

பழக்கதோசம் விடுமே? ஒஸ்லோவில லைபிரரியில வேலை செய்யிற தம்பி முறையான ஸ்ரீதரனுக்கு எடுத்து, "எதுக்கும் ஒருக்கால் விசாரிச்சுப் பார்" எண்டார். ஸ்ரீதரன் ஒரு வேலையையும் அரைகுறையாய்ச் செய்யிற ஆள் இல்லை. அடுத்த சனிக்கிழமையே எடுத்தான். இராஜரட்ணம் பெருமையோட ரெலிபோன் ஸ்பீக்கரைப் போட்டார், எல்லாரும் கேக்கட்டும் எண்டு.

"அண்ணை, பழைய கதையெல்லாம் பாத்து எழுதி வைச்சிருக்கிறன். தெய்வத்தின்ர மகன் விருந்துக்குப் போன இடத்தில, குடிவெறியில, தேன்கள்ளுப் பீப்பாவுக்குள்ள விழுந்து மூழ்கிச் செத்தவர்."

"சரி, ஒருத்தர் அப்பிடி..."

"அவற்ற மகனும் வெறியில ஒரு குள்ளனைத் துரத்திக்கொண்டு பாறைக்குள்ள போனவர். ஆள் வெளியில வரேல்லை. அவற்ற மகனை நித்திரையில பேய் அமத்திச் சாகடிச்சுப்போட்டுது. அதுக்கடுத்தவரைப் பெத்த பிள்ளையளே வீட்டோட கொளுத்திப்போட்டினம். அடுத்தவரை, விளைச்சல் பிழைச்சுப்போச்சு எண்டு சனமே பலி குடுத்திட்டுது."

"கடவுளே! ஒருத்தனும் ஒழுங்காய்ச் சாகேல்லையோடா?"

"ஏன், அடுத்தவர் நோய் வருத்தத்திலதான் செத்தவர். பிறகு ஒருத்தரை, கட்டின பெண்சாதியே கழுத்துச் சங்கிலியில கயிறு கொழுவி மரத்தில தூக்கிப்போட்டாள்."

இராஜரட்ணம் தன்ர கழுத்தைத் தடவிப் பார்த்தார். "காணும்! தெய்வமும் மண்ணாங்கட்டியும். வெறிகாரரும் கொலைகாரரும். என்ர பிள்ளை உந்தப் பகுதிக்குள்ள போகேலாது."

மேல நிண்டு கேட்ட ரதி இறங்கி வந்தாள். சப்பாத்தைக் கொழுவினாள்.

"நில்லு பிள்ளை!" பேபி வாசலை மறிச்சுக்கொண்டு நிண்டாள். பயத்திலயில்லை, கோவத்தில. "இஞ்சருங்கோ, முப்பத்துமூண்டு வருசமாய் நான் சொல்லாத கதை. உங்கட பகுதியை என்னைப் பெத்த ஐயாவும் விசாரிச்சவர். உங்கட அப்பப்பா முட்ட வெறியில கிணத்துக்குள்ள விழுந்து செத்தவர். உங்கட பெரியப்பாவை வேலிச் சண்டையில பெத்த மகனே கத்தியால வெட்டினவன். எல்லாம் எழுதி வந்த கடிதத்தை ஐயா எனக்கு வாசிச்சுக் காட்டினவர்."

"அப்பப்பா மழைக்குச் சறுக்கினவர்" எண்டார் இராஜரட்ணம். பிறகு மெல்லக் கேட்டார். "பின்னை ஏன் என்னைக் கட்டினனீ?"

"கிணத்துக்குள்ள விழுந்தது உங்கட அப்பப்பா. என்னைப் பாக்க வந்தது நீங்களெல்லோ."

ஸ்பீக்கரில செருமல் சத்தம். "அண்ணை, இன்னும் பதினைஞ்சு பேர் கிடக்கினம். வாசிக்கவோ?"

"வையடா போனை!"

பிறகு இராஜரட்ணம் மகளைப் பாக்காமல், மனுசியையும் பாக்காமல், சுவரைப் பாத்துச் சொன்னார். "நாளைக்குப் பொடியனைச் சாப்பிட வரச்சொல்லு. தாய் தேப்பனையும் கூட்டிக்கொண்டு வரட்டும்."

ரதி சப்பாத்தைக் கழட்டினாள். பேபிக்குக் கண்ணீர் பொலபொலவெண்டு கொட்டிச்சுது.

"ஆனால் ஒண்டு" எண்டார் இராஜரட்ணம். "அவை எங்கட பகுதியை விசாரிச்சால், கிணத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது."